நீட்டினால் சரியாகிவிடும்

என் அக்கா வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் போன வருஷம் வரை டைரக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதைக்கு இல்லை, நக்கலுக்கு. "டைரக்டர், இந்த பிரேமுக்குக் காதுக்கம்பி லூசா இருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று முதலாளியே கூப்பிடுவார். மாமாவும் கோபப்பட மாட்டார். இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. யாரும் சொல்லி நிறுத்தவில்லை, தானாக நின்றுவிட்டது.

கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அங்கே லென்ஸ் வெட்டும் மெஷின் ஒன்று தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே சுற்றும். பதினேழு வருஷமாக மாமா அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் வெளியே வரும்போது புருவத்தில் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். சிலிண்டர் பவர் உள்ள லென்ஸை ஒரு டிகிரி சாய்த்துப் பொருத்தினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை வலிக்கும் என்பார். அவர் பொருத்திக் கொடுத்துத் திரும்பி வந்த கண்ணாடிகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் அவர் கண்ணுக்குத் தப்பாது.

அப்பேர்ப்பட்ட மனுஷன் என் அக்காவை ஐந்து மாதம் பார்த்துக்கொண்டே இருந்து, பார்க்காமல் விட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன். அவரைக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நழுவப் போவதில்லை. அவர்கள் வீட்டில் அப்போதெல்லாம் நானும்தான் இருந்தேன், கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு.

நான் துணி ஆல்டர் செய்யும் கடை வைத்திருக்கிறேன். அக்கா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கடை என்றால் ஒரு மெஷின், ஒரு கண்ணாடி, மறைப்புக்கு ஒரு திரை, ஆணியில் ஒரு அளவு நோட்டு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். அக்காவுக்கு வாயே கிடையாது. அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். ஒரு நாளைக்கு இருநூறு தலையணை உறை. வீட்டுக்கு வந்தால் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வாள். அதுதான் அவளுடைய பொழுதுபோக்கு.

மாமாவின் பொழுதுபோக்கு போனில் படம் எடுப்பது. முதலில் கடை வாசலில் படுக்கும் நாயை எடுத்தார். பிறகு, தொலைந்துபோன ஒரு மூக்குக்கண்ணாடியை ஒருத்தர் கண்ணாடி இல்லாமல் தேடுவதை நாலு நிமிஷப் படமாக எடுத்தார். அதில் தேடியவர் முதலாளி. படம் பரவாயில்லை என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம், வேறு என்ன சொல்வது. போட்டி ஒன்றுக்கு அனுப்பினார். 'பார்த்தால் போனில் எடுத்தது போல் இருக்கிறது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"போன் படப் போட்டிக்குப் போன்லதானே எடுக்க முடியும்? வேற எதுல எடுப்பாங்களாம்?" என்று நான் கேட்டேன்.

"அப்படி இல்லம்மா. எடுத்தது போன்லன்னாலும் பார்த்தா சினிமா மாதிரி இருக்கணும்கிறாங்க" என்றார் மாமா. அவருக்கு அந்த வரி மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய், அந்தக் கூலியில் ஒரு லென்ஸ் வாங்கினார்.

அனமார்ஃபிக் லென்ஸ் என்று அதற்குப் பெயர். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கறுப்புக் குழாய். போனின் முதுகில் திருகி மாட்ட வேண்டும். முன்பக்கக் கண்ணாடி வட்டமாக இல்லாமல், நீளவாக்கில் முட்டையாக இருக்கும். வந்த அன்றைக்கே எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"நம்ம கடையில சிலிண்டர் பவர் போடறோம்ல, அதே சங்கதிதான். ஒரு பக்கம் மட்டும் வளைவு. அகலமான காட்சியைப் பிடிச்சு, ரெண்டு பக்கமும் நசுக்கி, போனுக்குள்ள திணிச்சிடும். அப்புறம் கம்ப்யூட்டர்ல போட்டு அகலத்தை ஒண்ணு புள்ளி மூணு மூணு மடங்கு இழுத்து நீட்டினா, பழையபடி சரியாயிடும். தியேட்டர்ல பார்க்கிற மாதிரி நீளமா, ரெயில் பெட்டி மாதிரி ஒரு படம் வரும்."

"நீட்டறதுக்கு முன்னாடி?" என்று அக்கா கேட்டாள்.

"நீட்டறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒல்லியாத் தெரிவாங்க."

"அப்ப எனக்கு அதுவே போதும். நீட்டாதீங்க" என்றேன் நான். என் உடம்பு அப்படி. மூன்று பேரும் சிரித்தோம்.

எடுக்கும்போதே நீட்டிக் காட்டுகிற ஆப் ஒன்று இருக்கிறதாம். அதைப் போட்டால் அவருடைய பழைய போன் பத்து நிமிஷத்தில் கை வைக்க முடியாதபடி சுட்டு, தானாக அணைந்துவிடும். கம்ப்யூட்டரும் கிழடு. ஒரு நிமிஷக் காட்சியை நீட்ட அரை மணி நேரம் முனகும். அதனால் மாமா ஒரு முடிவுக்கு வந்தார். முழுப் படத்தையும் நசுங்கியபடியே எடுத்து முடிப்பது, கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து நீட்டுவது. அதுவரைக்கும் நசுங்கியதைப் பார்த்து மனசுக்குள் நீட்டிக்கொள்ள வேண்டும். "எனக்குப் பழகிடுச்சு, கண்ணே தானா நீட்டிக்குது" என்று நாலாவது நாளே பெருமையடித்தார்.

கதை சின்னது. தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருத்தி மதியம் வீட்டுக்கு வருகிறாள். நாலு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று புருஷன் சொல்லியிருக்கிறான். அவள் காத்திருக்கிறாள். அவ்வளவுதான். ஒரே அறை, ஒரே பகல், ஒரே ஆள். ஆள் என் அக்கா. வேறு யாரைக் கூப்பிடுவது? வாயைத் திறக்க வேண்டியதில்லை என்றதும் அவளும் சரி என்றாள். நான் அவளுக்கு ஒரு பச்சை வேலைக்கோட்டுத் தைத்துக் கொடுத்தேன். ஒரே பகலில் நடக்கிற கதை என்பதால் படம் முழுக்க அதே கோட்டு. அன்றைக்கு எடுத்த அளவு என் நோட்டில் இருக்கிறது. மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பத்திரண்டு.

அறையில் சுவர்க் கடிகாரம் ஒன்று உண்டு. எல்லாக் காட்சியிலும் அது தெரிய வேண்டும் என்று மாமா வைத்துக்கொண்டார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, காட்சிக்குத் தகுந்தபடி முள்ளைக் கையால் திருப்பி வைப்பார். நேரம் காட்டுவது பாதி வேலைதான். "வட்டமான சாமான் ஒண்ணு படத்துல இருக்கணும்மா. நீட்டும்போது கடிகாரம் வட்டமா வந்துச்சுன்னா அளவு சரின்னு அர்த்தம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அதுவும் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும் இரண்டு மணி நேரம் மட்டும் எடுத்தோம். மாமா கேமரா. நான் தெர்மகோல் அட்டையைப் பிடித்து வெளிச்சத்தை அக்கா முகத்தில் திருப்புவேன். டார்ச்சை லென்ஸுக்கு நேராகக் காட்டினால் படத்தின் குறுக்கே நீலமாக ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டுக்காக மாமா உயிரை விடுவார். "இந்தக் கோடு எதுக்கு?" என்று அக்கா கேட்டால், "அதுதாம்மா சினிமா" என்பார். அந்தக் கிழட்டுப் போனில் இன்னொரு தொந்தரவும் இருந்தது. கட் சொன்ன கையோடு நிறுத்தினால் கடைசிச் சில நொடிகள் பதிவாகாமல் போய்விடும். அதனால் கட் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அதை ஓடவிட்டுத்தான் நிறுத்துவார்.

மூன்றாவது ஞாயிறு. அக்கா ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வருகிற காட்சி. கட் சொன்னதும் அவள் போன் அருகே வந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னவோ கேட்டாள், மாமா என்னவோ பதில் சொன்னார், சிரித்தோம். அன்றைக்கு அதற்கு மேல் எனக்கு ஒன்றும் நினைவில் தங்கவில்லை.

அதற்கப்புறம் அது வீட்டு ஜோக்காகிவிட்டது. சலவைக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்து மேஜைக்காரி, "என்னக்கா, இப்படி இளைச்சுட்டே?" என்று கேட்டாளாம். "என் வீட்டுக்காரர் ஒரு லென்ஸ் வாங்கியிருக்கார், அதுலேருந்து நான் இப்படித்தான்" என்று அக்கா சொன்னாளாம். வாயில்லாத அக்கா ஜோக் அடித்ததைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் பூரித்துப்போனோம். தெருவில் யார் என்ன கேட்டாலும் மாமாவிடம் ஒரே பதில்தான். "எல்லாம் லென்ஸ் பண்ற வேலை. நீட்டினா சரியாயிடும்."

ஆறாவது வாரம் கோட்டு தோளில் தொங்கியது. முந்தின காட்சியில் பொருந்தியிருந்தது அடுத்த காட்சியில் தொங்கினால் படத்தில் காட்டிக்கொடுத்துவிடும் என்று மாமா பதறினார். நான் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். இடுப்பு முப்பதரை. பத்தாவது வாரம் மறுபடி பிடித்தேன். இருபத்தொன்பது. நோட்டில் தேதி போட்டு எழுதினேன். எங்கள் தொழிலில் அது பழக்கம். துணியைப் பிரித்துப் பிடிக்கும்போது விரல் அவள் விலாவில் பட்டது. ஒவ்வொரு எலும்பாக எண்ணலாம் போலிருந்தது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? பொறாமைப்பட்டேன். "என்னடி சாப்பிடறே, எனக்கும் சொல்லேன்" என்று கேட்டேன். "எங்க சாப்பிடறேன், இஸ்திரிச் சூட்டுல பசியே இல்ல" என்றாள். நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டேன். இதை எழுதும்போது எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

இருபதாவது ஞாயிறு கடைசிக் காட்சி. கடிகாரத்தில் மூன்று ஐம்பது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து கதவைத் திறக்கப் போக வேண்டும். அக்கா எழுந்தாள். பாதியில் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மேஜை விளிம்பைப் பற்றி அப்படியே நின்றாள். நெற்றியில் வேர்வை பொடித்தது. பிறகு மெதுவாக, எதையோ இழந்துவிட்டது போல், நாற்காலியில் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். கதவுக்குப் போகவே இல்லை.

மாமா கட் சொல்ல மறந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "நான் எழுதினதைவிட நீ பண்ணினது நூறு மடங்கு. இதுதான் முடிவு. அவ கதவைத் திறக்கவே கூடாது" என்றார். நானும் தெர்மகோலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன். அக்கா எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்து, "கொஞ்சம் தண்ணி குடு" என்றாள். நடிப்பு என்று நினைத்துக்கொண்டு அவள் வலியைப் பாராட்டினோம். அவளும் வாயைத் திறந்து மறுக்கவில்லை. அவள் சுபாவம் அப்படி.

அடுத்த சனிக்கிழமை மதியம் மாமா எனக்குப் போன் செய்தார். "வீட்டுக்கு வர்றியா?" என்றார். குரல் சரியில்லை. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கடையில் கண்களுக்கு நடுவே இடைவெளி அளக்கும் சின்ன ஸ்கேல் ஒன்று உண்டு. அதைத் திரையின் மேல் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார்.

"கடைசிக் காட்சியை நீட்டினேன். இவ ஒல்லியாவே இருக்கா. லென்ஸ்காரன் அளவைத் தப்பாப் போட்டுட்டானோன்னு நினைச்சேன்."

"போட்டிருப்பான்."

"கடிகாரத்தை அளந்தேன். குறுக்க நாப்பத்தொரு மில்லிமீட்டர், நெடுக்க நாப்பத்தொரு மில்லிமீட்டர்." ஸ்கேலைத் திருப்பி வைத்து எனக்கும் காட்டினார். "வட்டமாத்தான் இருக்கு. கதவும் சரியா இருக்கு. நாற்காலியும் சரியா இருக்கு."

திரையில் எல்லாச் சாமானும் அதனதன் அளவில் இருந்தன. நடுவே நாற்காலியில் என் அக்கா. கழுத்தெலும்பு தனியாக, கன்னம் ஒட்டி, நான் தைத்துத் தைத்துச் சுருக்கிய அந்தப் பச்சைக் கோட்டுக்குள் வேறு யாரோ உட்கார்ந்திருந்தது போல இருந்தது. தினமும் பார்க்கிற முகம்தான். முந்தின நாள்கூடப் பார்த்திருந்தேன். ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "எதுக்கு இப்ப ஊரைக் கூட்டறீங்க, ஒரு நாள் சம்பளம் போகும்" என்று அக்கா முணுமுணுத்தாள். டாக்டர் என்னைவிடச் சின்னவள். வயிற்றை அழுத்திப் பார்த்தாள், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். மஞ்சள் ஏறியிருந்தது. எந்நேரமும் கண்களைப் பற்றிப் பேசும் மனுஷன் மாமா. அதையும் அவர் பார்த்திருக்கவில்லை.

"எப்பலேருந்து இளைக்கிறாங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

மாமா வாயைத் திறந்தார். "அது வந்து, லென்ஸ்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். டாக்டர் என்னைப் பார்த்தாள்.

நோட்டு கையில் இல்லை. வேண்டியதும் இல்லை. "இடுப்பு முப்பத்திரண்டு இருந்துச்சு. ஆறாவது வாரம் முப்பதரை. பத்தாவது வாரம் இருபத்தொம்பது. பதினஞ்சாவது வாரம் இருபத்தேழே முக்கால். போன வாரம் இருபத்தாறு" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள். "இவ்வளவு கரெக்டா எப்படித் தெரியும்?"

"நான் தையல்காரிங்க. எழுதி வெப்பேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தையும் எழுதினாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அளந்தபோது அவளுக்கு நான் எண்ணைச் சொன்னதில்லை. வாடிக்கையாளர்களிடமும் சொல்ல மாட்டேன், சங்கடப்படுவார்கள் என்று.

கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டிருந்தது. நாலு மாதம் முன்பு வந்திருந்தால் ஆபரேஷன் செய்வதைப் பற்றியாவது பேசியிருக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். பிழைத்திருப்பாள் என்று அவர் சொல்லவில்லை. பேசியிருக்கலாம் என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மாமா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாலு மாதம் முன்பு என்றால் எந்த ஞாயிறு என்று விரல் விட்டு எண்ணினார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க சினிமாவைக் கொண்டுபோய்க் கொளுத்துங்க" என்று கத்திவிட்டேன். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். படம் எடுத்த அந்த அறையிலேயே கட்டிலைப் போட்டோம். அங்கேதான் வெளிச்சம் உண்டு. சுவரில் கடிகாரம் அப்படியே மூன்று ஐம்பதில் நின்றிருந்தது. பேட்டரி போட யாருக்கும் தோன்றவில்லை. மாமா லீவு போட்டுவிட்டு அவள் கூடவே இருந்தார். கஞ்சி ஊட்டுவார், கால் பிடித்துவிடுவார், அவள் தூங்கும்போது மூலையில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பார். போட்டிக்கு அனுப்பும் கடைசித் தேதி போயே போய்விட்டது. பிறகு யாருக்காகத் தட்டுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அக்கா போவதற்குப் பதினேழு நாள் முன்பு, ஒரு மத்தியானம். "படத்தைக் காட்ட மாட்டீங்களா?" என்று அவளே கேட்டாள். மாமா அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். கம்ப்யூட்டரை ஸ்டூலில் வைத்துக் கட்டில் பக்கம் நகர்த்தினார். நான் அவள் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தேன்.

படம் ஓடியது. சினிமா மாதிரிதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நீளமான திரை, ஜன்னல் வெளிச்சம், நீலக் கோடு. அக்கா திரையில் பழைய அக்காவாக இருந்தாள். கன்னம் இருந்தது, தோள் நிறைவாக இருந்தது. கடைசிக் காட்சியிலும் அப்படியே இருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் பார்த்தது என்ன, இது என்ன என்று மாமாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் அக்கா திரையைப் பார்த்தாள். தலையை மெதுவாகத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள்.

"என்னங்க, செவுத்துல இருக்கறது வட்டமா இருக்கு. இதுல ஏன் முட்டையாட்டம் இருக்கு?"

"அது லென்ஸ் பண்ற..." என்றார் மாமா. முடிக்கவில்லை.

"என்னை இன்னும் கொஞ்சம் இழுத்துட்டீங்களா?"

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார். ஒவ்வொரு காட்சியையும், அவள் முதல் நாள் இருந்த அளவுக்கு வரும்வரை, தனித்தனியாக நீட்டியிருக்கிறார். முதலில் எடுத்த காட்சிகளுக்குக் கொஞ்சம், கடைசிக் காட்சிக்கு ரொம்ப. இரண்டு வாரமாக உட்கார்ந்து அந்த வேலையைத்தான் செய்திருக்கிறார். கடிகாரம் எப்படிப் போனால் என்ன என்று விட்டுவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன். ஆனா எனக்கு இது வேண்டாம். சரியான அளவுல போடுங்க. எடுத்த வரிசையில போடுங்க. எங்கேருந்து ஆரம்பிச்சேன்னு பார்க்கறேன்" என்றாள்.

"வேண்டாம்மா."

"போடுங்க. நான்தானே கேக்கறேன்."

ஆயுசில் அவள் அவரிடம் எதையும் இரண்டாவது முறை கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் போட்டார். முதலிலேயே சரியாக நீட்டி வைத்திருந்த, நறுக்காத முழுப் பதிவுகள், ஒன்று புள்ளி மூன்று மூன்று, கடிகாரம் வட்டமாக. முதல் ஞாயிறு. சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்கா முழித்தாள். இரண்டாவது ஞாயிறு. மூன்றாவது ஞாயிறு. அக்கா ஜன்னல் பக்கம் போனாள், திரும்பி வந்தாள். மாமாவின் குரல் கட் என்றது. போன் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா நேராகக் கேமராவை நோக்கி நடந்து வந்தாள். பச்சைக் கோட்டின் பட்டன்கள் திரையை அடைத்தன. முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"என்னங்க, நான் ரொம்ப இளைச்சுத் தெரியறேனே?"

"லென்ஸ்மா. எல்லாம் லென்ஸ் பண்ற வேலை. நீட்டினா சரியாயிடும்."

மாமா சிரித்தது கேட்டது. அதன் மேல் என் சிரிப்பு. என்னுடையதுதான் சத்தமாக இருந்தது. "அவளையாவது நீட்டினாப் போதும், என்னை நசுக்கியே விடுங்க மாமா" என்றேன். அதற்கப்புறம் ஒரு சின்ன இடைவெளி. பிறகு அக்காவும் சிரித்தாள். அதோடு அந்தப் பதிவு நின்றது.

மூன்று பேரும் அந்த நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அதுக்கு முன்னாடி பத்து நாளா பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் அக்கா. எங்கள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "சோறு இறங்கல. முதுகுல சுருக் சுருக்னு ஒரு வலி. டாக்டர்கிட்டப் போலாமான்னு உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அன்னைக்குக் கேட்டுடலாம்னுதான் பக்கத்துல வந்தேன். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாச்சு தெரியுமா. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்."

மாமா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி, அடுத்த ஞாயித்துக்கிழமையைப் போடுங்க" என்றாள்.

அவரால் எழ முடியவில்லை. நான்தான் போட்டேன்.